லாட்டரிப் பரிசும் ஆன்லைன் ஆட்டப் பணமும்: ஐடிஆரில் (வருமான வரி ரிட்டர்னில்) காட்ட முழுமையான வழிகாட்டி

“முப்பது சதவீதம் பிடிச்சுக்கிட்டுத்தானே மீதிய குடுத்தாங்க, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்ல வேற காட்டணும்?” ஜூன் மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி என்னிடம் வராமல் இருந்ததில்லை. கேட்பவர்கள் யாரும் வரி ஏய்க்க நினைப்பவர்கள் அல்ல. டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடித்ததோடு கணக்கு முடிந்தது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். சில மாதம் கழித்து நோட்டீஸ் வந்த பிறகுதான் பதற்றம்.

இந்த வேலையில் பாதிச் சிக்கல் வரிசையைத் தவறவிடுவதால் வருகிறது. படிவத்தை முதலில் திறந்துவிட்டு, காகிதங்களைப் பிறகு தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். இங்கே சொல்வது இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு, 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது மதிப்பீட்டு ஆண்டு 2026-27-க்கு. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், இந்த ஆண்டின் வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள்தான்.

1. உங்கள் பணம் எந்தப் பிரிவில் விழுகிறது என்று பாருங்கள்

இரண்டே பெட்டிகள். லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், சூதாட்டம், பந்தயம் ஆகியவற்றில் ஜெயித்த பணம் பிரிவு 115பிபி. இணையத்தில் ஆடி ஜெயித்தது பிரிவு 115பிபிஜே. இரண்டுக்கும் வரி 30 சதவீதம்தான். ஆனால் ஜெயித்த தொகையைக் கணக்கிடும் முறை வேறு, ரிட்டர்னில் எழுதும் இடமும் வேறு. அதனால்தான் இதை முதலிலேயே பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

லாட்டரி என்றவுடன் பம்பர் சீட்டை மட்டும் நினைக்க வேண்டாம். கடையில் கூப்பன் போட்டுக் குலுக்கலில் விழுந்த பரிசும் சட்டத்தின் பார்வையில் லாட்டரிதான். தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியில் ஜெயித்ததும் 115பிபி-யில்தான் வரும். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

குதிரையை வளர்த்துப் பந்தயத்தில் விடும் உரிமையாளர்களுக்கு விதி தனி. அவர்கள் இந்த வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டாம்.

சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆட்டத்தில் வந்த பணத்துக்கு வரி கிடையாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி இல்லை. பணம் எந்த வழியில் வந்தாலும் வருமானம் வருமானம்தான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும், பல செயலிகள் அந்த ஆட்டங்களை நிறுத்தின. அப்போது வாலட்டில் இருந்த மிச்சத்தை எடுத்தவர்கள், அந்தப் பணத்தையும் இந்த ஆண்டுக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2. படிவத்தைத் திறக்கும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

வருமான வரி இணையதளத்தில் நுழைந்து 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருமானம் பற்றித் துறைக்குக் கிடைத்த ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் தரவிறக்குங்கள். ஏஐஎஸ் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல்: உங்கள் பான் எண் சிறிய எழுத்துகளில், அதை ஒட்டியே பிறந்த தேதி, மாதம், ஆண்டு எட்டு இலக்கமாக. இடைவெளி விடக்கூடாது.

26ஏஎஸ்ஸில் 194பி என்று இருந்தால் அது லாட்டரி, குலுக்கல் வகை. 194பிபி என்றால் குதிரைப் பந்தயம். 194பிஏ என்றால் ஆன்லைன் ஆட்டம். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் இருக்கும்: உங்களுக்குத் தந்த முழுத் தொகை, அதில் பிடித்த வரி. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இனி எல்லா வேலையும் அந்தத் தாளை வைத்துத்தான்.

அப்புறம், பணம் கொடுத்தவரிடமிருந்து படிவம் 16ஏ (டிடிஎஸ் சான்றிதழ்), ஆட்டச் செயலியின் ஆண்டு அறிக்கை, வங்கிக் கணக்கு அறிக்கை. செயலி மூடப்பட்டிருந்தாலும் அறிக்கை கேட்டு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். நாள் போகப் போக அது கிடைப்பது கடினம்.

ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்ய வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கான விவரத்தை மே 31 வரை தாக்கல் செய்ய நிறுவனங்களுக்கு அவகாசம் உண்டு. ஜூன் நடுவில்தான் உங்கள் 26ஏஎஸ் முழுமையடையும். அதற்கு முன் தாக்கல் செய்தவர்கள், விட்டுப்போன வரிக்காகத் திருத்திய ரிட்டர்ன் போட்டு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

3. தோற்ற பணத்தின் கணக்கை இப்போதே தனியே எடுத்து வையுங்கள்

இந்த இடத்தில்தான் மனம் கனக்கும். ஒரு தம்பி நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வாரமும் வாங்கிய சீட்டு, அதன் விலை, விழுந்ததா இல்லையா என்று நீல மையில் கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கூட்டல்: சீட்டுக்குச் செலவு செய்தது 46,000 ரூபாய், விழுந்த ஒரே பரிசு 50,000 ரூபாய். “லாபம் நாலாயிரம்தானே அண்ணே, அதுக்கு வரி கட்டிடறேன்” என்றார்.

அப்படிக் கட்ட முடியாது. பிரிவு 58(4)-இன்படி இந்த வருமானத்திலிருந்து எந்தச் செலவையும் கழிக்க முடியாது. விழுந்த சீட்டின் விலையைக்கூடக் கழிக்க முடியாது, விழாத சீட்டுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவருக்கு வரி 50,000-க்கும்தான்.

வேறு வழியில் வந்த நஷ்டத்தையும் இதில் ஈடுகட்ட முடியாது. பங்குச் சந்தையில் இழந்தது, வீட்டுக் கடன் வட்டி, கடை நஷ்டம் எதுவும் இந்தப் பணத்தைத் தொடாது. ஆட்டத்தில் தோற்றதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. 80சி (சேமிப்பு), 80டி (மருத்துவக் காப்பீடு) போன்ற கழிவுகளும் இதற்குக் கிடையாது.

சரி, பிறகு அந்த நோட்டுப் புத்தகம் எதற்கு? பத்திரமாக வையுங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போனதும் வந்ததும் எங்கிருந்து என்று எப்போதாவது அதிகாரி கேட்டால், பதில் அதில்தான் இருக்கிறது. மூலம் சொல்ல முடியாத பணத்துக்கு வரி 60 சதவீதம், அதன் மேல் சர்சார்ஜும் (கூடுதல் வரி) செஸ்ஸும் (வரியின் மேல் விதிக்கும் தீர்வை) தனி. வரியைக் குறைக்க உதவாத நோட்டு, அந்த நிலை வராமல் காப்பாற்றும்.

4. ஆன்லைன் ஆட்டமானால் நிகர வெற்றியைக் கணக்கிடுங்கள்

லாட்டரி மட்டும் உள்ளவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

ஆன்லைன் ஆட்டத்தில் சட்டம் கொஞ்சம் இரங்குகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாக வரி போடாமல், ஆண்டு முழுதும் சேர்த்து நிகர வெற்றிக்கு வரி. விதி 133 சொல்லும் கணக்கு இது: ஆண்டில் எடுத்த பணத்தோடு மார்ச் 31 அன்று வாலட்டில் இருந்த மிச்சத்தைக் கூட்டுங்கள். அதிலிருந்து நீங்கள் போட்ட பணத்தையும் ஏப்ரல் 1 அன்று இருந்த மிச்சத்தையும் கழியுங்கள்.

ஒருவர் ஆண்டுத் தொடக்கத்தில் வாலட்டில் 500 ரூபாய் வைத்திருந்தார். ஆண்டில் 20,000 போட்டார், 32,000 எடுத்தார். மார்ச் 31 அன்று மிச்சம் 1,500. கூட்டினால் 33,500, கழிக்க வேண்டியது 20,500. நிகர வெற்றி 13,000. நடுவில் எத்தனை ஆட்டம் தோற்றார் என்பது இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிட்டது. தனியாக மறுபடி கழிக்கக் கூடாது. பலர் இங்கே இரண்டு முறை கழித்துவிடுகிறார்கள்.

இதில் 10,000 ரூபாய் வரம்பெல்லாம் கிடையாது. பணத்தை எடுக்காவிட்டாலும் மார்ச் 31 அன்று வாலட்டில் உள்ள வெற்றிக்கு வரி பிடித்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு அதே மிச்சம் தொடக்க இருப்பாகக் கழிக்கப்படுவதால் இரண்டு முறை வரி விழாது. ஆனால் அந்தப் பணத்தை அடுத்த ஆண்டு ஆடித் தோற்றால், கட்டிய வரி திரும்பாது.

ஒரு நிறுவனத்தில் உங்களுக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் அவற்றைச் சேர்த்தே அந்த நிறுவனம் கணக்கிடும். வேறு வேறு நிறுவனங்கள் என்றால், ஒன்றில் போனதை இன்னொன்றில் வந்ததோடு கழித்துக் காட்ட வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கைத் தனியாகத்தான் துறைக்குத் தருகிறது. நீங்கள் கழித்து எழுதினால் அந்த எண்ணோடு உங்கள் எண் பொருந்தாது.

5. மொத்த வரியைப் போட்டுப் பாருங்கள், மீதியைக் கட்டுங்கள்

தாக்கல் செய்வதற்கு முன்பே பணம் கட்ட வேண்டும். சலான் எண் இல்லாமல் ரிட்டர்ன் முழுமையாகாது.

பிடித்த வரி 30 சதவீதம். உண்மையான வரி 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும். ஆக 31.2. டிடிஎஸ்ஸில் செஸ் சேராது. 5,00,000 ரூபாய் பரிசு விழுந்தவருக்கு 1,50,000 பிடித்து 3,50,000 வங்கியில் போடுவார்கள். அவர் கட்ட வேண்டியது 1,56,000. மீதி 6,000 அவர் பொறுப்பு. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும். பெரிய பம்பர் விழுந்தவர்கள் முழுப் பணத்தையும் நிலத்தில் போட்டுவிட்டு ஜூலையில் தவிப்பது இதனால்தான்.

அடிப்படை வருமான விலக்கு வரம்பு இந்தப் பணத்துக்குப் பொருந்தாது. வேறு வருமானமே இல்லாத மாணவரோ இல்லத்தரசியோ ஜெயித்தாலும் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்தான். புதிய வரி முறையில் 87ஏ தள்ளுபடியும் (மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வரியை நீக்கும் சலுகை) இந்த வரியைக் குறைக்காது.

87ஏ விஷயத்தில் இன்னொரு குழி இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பகுதி எழுதியதற்கே பயனில்லை. புதிய முறையில், நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்சன்) போக 11 லட்சம் சம்பளம் வாங்குபவருக்கு வரி 50,000 வரும். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் அது பூஜ்யமாகிவிடும். அலுவலகமும் எதுவும் பிடித்திருக்காது. அவருக்கு 3 லட்சம் லாட்டரியில் விழுகிறது. இப்போது மொத்த வருமானம் 14 லட்சம். தள்ளுபடி கைவிட்டுப் போயிற்று. சம்பளத்துக்கே செஸ்ஸோடு 52,000 கட்ட வேண்டும். பரிசுக்கு 93,600, அதில் பிடித்தது 90,000. ஆக, “எல்லாம் பிடிச்சுட்டாங்க” என்று நினைத்தவர் கையிலிருந்து கட்ட வேண்டியது 55,600 ரூபாய்.

டிடிஎஸ் போக மீதி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் ஆண்டு முடியும் முன்பே தவணைகளில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். தவணைகள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. பரிசு எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாதே என்று சட்டமும் ஒப்புக்கொள்கிறது. விழுந்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால், முந்தைய தவணைகளுக்கு 234சி வட்டி (தவணை தவறியதற்கான வட்டி) கிடையாது. சம்பளக்காரர்கள் படிவம் 12பிஏஏ வழியாக அலுவலகத்தில் சொல்லிவிட்டால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அதுதான் சுலபம். 60 வயதைத் தாண்டி, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் தேவையில்லை.

ஆண்டு முடிந்துவிட்டதென்றால், இணையதளத்தில் இ-பே டாக்ஸ் பகுதியில் சுயமதிப்பீட்டு வரி என்ற 300-ஆம் வகையைத் தேர்ந்து கட்டுங்கள். மதிப்பீட்டு ஆண்டு சரிதானா என்று பணம் போகும் முன் ஒரு தடவை நின்று பாருங்கள். நிதியாண்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் குழப்பிக் கட்டிய சலானைத் திருத்துவது பெரும்பாடு. சலானில் உள்ள பிஎஸ்ஆர் எண் (வங்கிக் கிளையின் குறியீடு), வரிசை எண், தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

6. ஐடிஆர்-1-ஐத் தொடாதீர்கள்

சம்பளக்காரர்கள் பழக்கத்தில் ஐடிஆர்-1-ஐத் திறந்துவிடுவார்கள். அதில் பரிசுப் பணத்தைக் காட்ட இடமில்லை. உடனே “இதர வருமானம்” என்ற பெட்டியில் வட்டியோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் சாதாரண விகிதத்தில் வரி கணக்காகும், ரீஃபண்ட் வருவதுபோலத் திரை காட்டும். அந்தப் பச்சை எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

தொழில் வருமானம் இல்லையென்றால் ஐடிஆர்-2. தொழில் இருந்தால் ஐடிஆர்-3. ஐடிஆர்-4-ம் ஆகாது.

வருமானம் வரம்புக்குக் கீழே என்பதால் ரிட்டர்னே வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆண்டில் உங்கள் பெயரில் பிடித்த டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் வசூலிக்கும் வரி) இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாயைத் தொட்டால் ரிட்டர்ன் கட்டாயம். மூத்த குடிமக்களுக்கு இந்த எல்லை 50,000.

7. ஷெட்யூல் ஓஎஸ்ஸில் முழுத் தொகையை எழுதுங்கள்

ஷெட்யூல் ஓஎஸ் என்பது இதர வருமானப் பகுதி. அதில் சிறப்பு விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானம் என்ற தலைப்பின் கீழ் 115பிபி, 115பிபிஜே இரண்டுக்கும் தனித்தனி வரிசைகள் இருக்கும். தாளில் எழுதிய முழுத் தொகையை உரிய வரிசையில் போடுங்கள்.

மிக அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான். வங்கியில் வந்த 3,50,000-ஐ எழுதுவார்கள். எழுத வேண்டியது 5,00,000. பிடித்த 1,50,000-ம் உங்கள் வருமானம்தான். உங்கள் சார்பில் அது அரசுக்குப் போயிருக்கிறது, அவ்வளவே.

வரி பிடிக்காத சின்னப் பரிசையும் சேருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரே பரிவர்த்தனையில் 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் 194பி-யில் பிடிக்கிறார்கள். 8,000 ரூபாய் பரிசுக்கு டிடிஎஸ் இல்லை. வரி உண்டு.

அதே பகுதியின் கடைசியில் காலாண்டு வாரியாகப் பிரித்துக் கேட்கும் அட்டவணை வரும். பலர் முழுவதையும் முதல் கட்டத்தில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பரிசு ஜனவரியில் வந்திருந்தால் டிசம்பர் 16 முதல் மார்ச் 15 வரையான கட்டத்தில்தான் போட வேண்டும். முதல் கட்டத்தில் போட்டால், ஜூனிலிருந்தே நீங்கள் தவணை தவறியதாக எடுத்துக்கொண்டு மென்பொருள் வட்டி போட்டுவிடும்.

இதை நிரப்பியதும் ஷெட்யூல் எஸ்ஐ (சிறப்பு விகித வருமானப் பகுதி) தானாக 30 சதவீதத்தைக் கணக்கிட்டிருக்கும். போய்ப் பாருங்கள். அங்கே தொகை இல்லையென்றால் ஓஎஸ்ஸில் தவறான வரிசையில் எழுதியிருக்கிறீர்கள்.

8. பிடித்த வரியை வருமானத்தோடு இணையுங்கள்

ஷெட்யூல் டிடிஎஸ்ஸில், சம்பளம் அல்லாத வருமானத்தில் பிடித்த வரி என்ற பகுதியில் விவரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதில் நீங்கள் செய்ய வேண்டியது, இந்த ஆண்டு கோரும் தொகை, காட்டிய முழு வருமானம், வருமானத் தலைப்பு “இதர வருமானம்” ஆகிய மூன்றையும் சரிபார்ப்பது. வரியைக் கோரிவிட்டு அதற்குரிய வருமானத்தைக் காட்டாவிட்டால், குறையுள்ள ரிட்டர்ன் என்று 139(9)-இல் நோட்டீஸ் வரும்.

26ஏஎஸ்ஸில் வரி ஏறவே இல்லையென்றால், பரிசு கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் தங்கள் டிடிஎஸ் விவரத்தைத் திருத்தினால்தான் ஏறும். நீங்களாக எண்ணைத் தட்டிச் சேர்த்தால் நிற்காது. நீங்கள் கட்டிய சலான் விவரம் போக வேண்டியது ஷெட்யூல் ஐடி.

9. காரோ நகையோ விழுந்தால், நாலு பேர் சேர்ந்து சீட்டு வாங்கினால்

பொருளாகப் பரிசு விழுந்தால், வரி கட்டியாயிற்று என்று உறுதியான பிறகுதான் பொருளைத் தர வேண்டும் என்பது சட்டம். 8 லட்ச ரூபாய் காருக்கு 2,40,000 கட்டினால்தான் சாவி. ரிட்டர்னில் காரின் மதிப்பு முழுவதும் வருமானம். கட்டிய பணம் 26ஏஎஸ்ஸில் டிடிஎஸ்ஸாக இருக்கிறதா, உங்கள் சலானாக இருக்கிறதா என்று பார்த்து உரிய இடத்தில் போடுங்கள்.

வேலையிடத்தில் நாலைந்து பேர் காசு போட்டுச் சீட்டு வாங்குவது வழக்கம். பரிசை ஒருவர் பெயரில் வாங்கி, பிறகு பங்கு பிரிப்பார்கள். வருமானம் முழுதும் அந்த ஒருவர் பான் எண்ணில் ஏறிவிடும். 12 லட்ச வரம்பும் சர்சார்ஜும் அவர் தலையில். பரிசைக் கோரும்போதே எல்லோருடைய பெயரும் பங்கும் எழுத்தில் இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு வரியை ஏற்ற வேண்டும் என்று பணம் தருபவரிடம் அறிவிப்பு கொடுக்க விதி 37பிஏ வழி செய்கிறது. பணம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் நட்பையும் இழந்திருக்கிறார்கள்.

10. தாக்கல், சரிபார்ப்பு, பழைய ஆண்டுகள்

அனுப்பும் முன் மூன்று எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்: 26ஏஎஸ்ஸின் முழுத் தொகை, ஓஎஸ்ஸில் எழுதியது, எஸ்ஐயில் வந்தது. மூன்றும் ஒன்றென்றால் அனுப்பலாம். 26ஏஎஸ்ஸில் வராத சின்னப் பரிசுகள் இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வித்தியாசம் இருக்கும். ஏஐஎஸ்ஸில் உங்களுடையதல்லாத பதிவு இருந்தால் அங்கேயே கருத்து பதியும் வசதி உண்டு.

ஐடிஆர்-2-க்குக் கடைசி நாள் ஜூலை 31. அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்யுங்கள். செய்யாவிட்டால் தாக்கலே ஆகாததுபோலத்தான்.

பழைய ஆண்டில் காட்டாமல் விட்டவர்கள் நோட்டீஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை ஐடிஆர்-யூ (புதுப்பித்த ரிட்டர்ன்) போடலாம். முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 50, 60, 70 சதவீதம் என்று ஏறும். ரீஃபண்ட் கேட்கவோ வரியைக் குறைக்கவோ அந்தப் படிவம் உதவாது. ஆகவே இந்த ஆண்டு ரிட்டர்னுக்கு உட்காரும்போதே பழைய 26ஏஎஸ்களையும் திறந்து 194பி, 194பிஏ பதிவுகள் இருக்கின்றனவா என்று தேடிவிடுங்கள்.